எடை மட்டும்தான் என்று சொன்னேன்

டாக்டர் சொன்னது இரண்டு விஷயம். அம்மாவிடம் நான் சொன்னது ஒன்று.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்கால மத்தியானம். பம்பாயின் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் சிறுநீரகப் பிரிவு டாக்டரின் மேசைக்கு எதிரே நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். என் தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. இருபத்தாறு வயது. கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள், வாரத்துக்கு இரண்டு நாள் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். அன்றும் உள்ளே மெஷினில்தான் இருந்தாள். அப்பா போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. சிறுநீரகம் கொடுக்க ஆள் என்றால் அம்மாவும் நானும்தான்.

டாக்டர் மராட்டிக்காரர். பாதி இங்கிலீஷிலும் பாதி ஹிந்தியிலும் பேசினார். தாராவியிலும் பிறகு செம்பூர் திலக் நகரிலுமாக அம்மா இருபத்தைந்து வருஷம் பம்பாயில் குடியிருந்தாள். ஆனால் பாஜிக்காரியிடம் வெங்காயம் வாங்குகிற அளவுக்கு மேல் அவளுக்கு ஹிந்தி ஏறவில்லை. ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் அவளுக்கு வாயாகவும் காதாகவும் இருந்தவன் நான்.

"உங்கள் ரத்தம்தான் நன்றாகப் பொருந்துகிறது," என்றார் டாக்டர். "வயதும் முப்பத்தைந்துதான். ஆனால் தொண்ணூற்று மூன்று கிலோ இருக்கிறீர்கள். ரத்த அழுத்தம் இருக்கிறது. கல்லீரலும் சரியில்லை. மூன்று மாதத்தில் பத்து கிலோ குறையுங்கள். குடியை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு சொட்டுக்கூடக் கூடாது. நிறுத்திவிட்டு வந்தால் செய்துவிடலாம்."

இதையே ஒரு சீட்டில் எழுதி, ஃபைலுக்குள் செருகினார்.

அம்மா என் முழங்கையைத் தொட்டாள். "என்னய்யா சொல்லுதாரு?"

"பத்து கிலோ குறைக்கணுமாம்மா. எடைதான் முக்கியமாம். எடை மட்டும் சரியா இருந்தா போதும்னு சொல்லுதாரு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

அம்மா டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். தான் சொன்னதெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் நினைத்திருப்பார்.

ஏன் மறைத்தேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். நான் குடிப்பது வீட்டில் தெரியாத விஷயமா என்ன? தெரியும். வெற்றிலை மென்றுகொண்டு வருவேன், நேராகக் குளியலறைக்குப் போவேன், பிறகு சாப்பிட உட்காருவேன். அம்மா தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மனைவி கேட்கமாட்டாள். யாரும் வாயைத் திறக்காத வரையில் அது வீட்டுக்கு வெளியே நிற்கிற சங்கதி. டாக்டர் சொன்னதை நானே என் வாயால் அம்மாவிடம் சொன்னால் அது வீட்டுக்குள் வந்துவிடும். அப்புறம் நிறுத்தியே ஆக வேண்டும். உண்மை இவ்வளவுதான். கோழை என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் வேலையையும் சொல்ல வேண்டும். தாராவியில் தோல் பை, பெல்ட் செய்கிற ஒரு பட்டறையில் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி எங்கள் ஜில்லாக்காரர்தான், முஸ்லிம். ஐந்து வேளை தொழுபவர், மதுவை வாசனைகூடப் பார்க்காதவர். வாங்க வருகிறவர்களோ டெல்லி, பெங்களூர், உல்லாஸ்நகர் என்று நாலா திசையிலிருந்தும் வருவார்கள். சாம்பிள்களைத் தடவிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, கடைசியில் என் பக்கம் திரும்பி, "தோ, பைட்தே ஹை?" என்பார்கள். பம்பாயில் 'உட்காருவோமா' என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். முதலாளி எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "தம்பி, நீங்க கூட்டிட்டுப் போங்க," என்பார். பட்டறையின் சார்பில், முதலாளிக்குப் பதிலாக, ஒன்பது வருஷம் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

சயான் பக்கத்தில் ஒரு பெர்மிட் ரூம். குடிப்பதற்கு அங்கே அரசாங்க அனுமதி அட்டை வேண்டும். என்னிடமும் ஒன்று இருந்தது. அட்டைதாரர் தம் உடல்நலத்தைப் பேணுவதற்காக மது அருந்தலாம் என்று அதில் அச்சிட்டிருக்கும். உடல்நலம் அதுபாட்டுக்குப் பேணப்பட்டுக்கொண்டுதான் இருந்தது, வருஷத்துக்கு மூன்று கிலோ வீதம்.

இதை வெறும் வேலை என்று சொன்னால் பொய். அந்த மேசையில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. யாருக்கு சோடா, யாருக்குத் தண்ணீர், யார் இரண்டாவதோடு நிறுத்துவார், யாரை மூன்றாவதற்குள் கையெழுத்துப் போட வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. "மதராஸி பாயி எங்கே?" என்று என்னைத் தேடித்தான் வருவார்கள். திருநெல்வேலிக்காரன் மதராஸி ஆனதைப் பற்றி எனக்கு வருத்தமே கிடையாது.

தங்கையின் விஷயம் தெரிந்ததும் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தோல் கழிவு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"தம்பி, இனிமே நீங்க உக்கார வேண்டாம். பார்ட்டிங்களுக்கு நான் பிரியாணி வாங்கிக் குடுத்து அனுப்பிக்கிடுதேன். வியாபாரம் நாலு போனா போவட்டும். புள்ளையப் பாருங்க."

அந்த மனுஷன் மனப்பூர்வமாகச் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஒண்ணும் ஆவாது பாய். ஒரு பெக்கை முன்னால வச்சிக்கிட்டு சும்மா ஒக்காந்திருப்பேன். நம்ம வியாபாரத்தக் கெடுக்க வேண்டாம்."

அவருக்கு நான் செய்த உதவி அல்ல அது. நான் உட்காராமலேயே ஆர்டர்கள் வந்துவிட்டால், ஒன்பது வருஷம் எதற்காக உட்கார்ந்தேன் என்ற கேள்வி வரும். எனக்கு அந்தப் பயம்.

உடம்பைக் குறைக்கிற வேலையை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மனைவி சோற்றை நிறுத்தினாள். எண்ணெய் தொடாத இரண்டு சுக்கா ரொட்டி, வேகவைத்த காய், மோர். காலையில் ஐந்தரைக்கு எழுந்து திலக் நகரிலிருந்து குர்லா வரை நடந்தேன். மழையில் குடையோடு நடந்தேன். முதல் மாதம் நான்கு கிலோ போயிற்று. பெல்ட்டில் முதலாளியே ஒரு புது ஓட்டை போட்டுக் கொடுத்தார். வீட்டில் அன்று பாயசம் வைக்கலாம் என்று அம்மா ஆரம்பித்தாள். யாருக்கு வைப்பது? எனக்கும் ஆகாது, தங்கைக்கும் ஆகாது. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அந்த மாதம் நான் ஐந்து முறை உட்கார்ந்தேன். ஐந்து முறையும் ஒரு பெக்கோடு எழுந்தேன். அதில்தான் எனக்குத் தைரியம் வந்தது. ஒரு பெக் குடித்தும் நான்கு கிலோ போயிருக்கிறது என்றால் இந்த டாக்டர்கள் சும்மா மிரட்டுகிறார்கள் என்று தோன்றியது.

பெர்மிட் ரூமில் அதற்கு ஆதரவும் இருந்தது. குடிகாரர்களைப் போல் வைத்தியம் தெரிந்தவர்கள் உலகத்தில் கிடையாது. பீர்தான் தொப்பை போடும், ரம் கொழுப்பை உருக்கும் என்றார் ஒருவர். சோடா வேண்டாம், வெந்நீரும் எலுமிச்சையும் ஊற்றிக்கொள் என்றார் இன்னொருவர். எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு சித்தாந்தம் உண்டு: சரக்கு குண்டாக்காது, சக்னாதான் குண்டாக்கும். சக்னா என்றால் கூடக் கொறிக்க வைக்கிற வேர்க்கடலை, அவித்த முட்டை, மசாலா பாப்பட். நான் அந்தத் தட்டைத் தொடவே மாட்டேன். வெயிட்டர் கொண்டு வந்து வைத்தால் எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ விரதம் இருப்பதுபோல இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது மாதம் ஒரு பெக் இரண்டானது. அதற்கு ஈடாக மத்தியானச் சாப்பாட்டை விட்டேன். மூன்றானபோது காலைப் பலகாரத்தையும் விட்டேன். வெறும் வயிற்றில் குடித்துவிட்டு வெளியே வந்தால் பசி கண்ணை மறைக்கும். ஸ்டேஷன் வாசலில் இரண்டு வடாபாவ், சில நாள் ஆம்லெட் பாவ். நின்றுகொண்டு தின்றதால் அதைச் சாப்பாடாக நான் எண்ணவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு சுக்கா ரொட்டியைப் பொறுமையாக மெல்லுவேன். "ரொம்ப இளைச்சிட்டீங்க, இன்னொண்ணு வைக்கட்டா?" என்று மனைவி கேட்பாள். "வேண்டாம்," என்று கையைக் காட்டுவேன்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் கண்டிப்பாக ஓர் அளவைக் கடைப்பிடித்த ஆள் தங்கை மட்டும்தான். அவளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர். காபி, ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதற்குள். கூடிவிட்டால் மூச்சு முட்டும், கால் வீங்கும். மாத்திரைப் பாட்டில் மூடியால் அளந்து குடித்துக்கொண்டிருந்தவள் ஒரு நாள் என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, உங்க ஓட்டல்ல சின்னதா ஒரு கிளாஸ் வச்சி அளப்பாங்கல்ல, முப்பது எம்மெல்? அது ஒண்ணு கெடைக்குமா? கணக்கு வைக்க ஈசியா இருக்கும்."

ஓட்டல் என்றுதான் சொன்னாள். வெயிட்டரிடம் கேட்டு ஒரு பெக் அளவியை வாங்கி வந்தேன். அம்மா அதைப் புளி போட்டு விளக்கி, தங்கையின் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் தங்கை பதினாறு முறை அளந்து ஒரு சொம்பில் ஊற்றி வைத்துக்கொள்வாள். அன்றைய தினத்துக்கு அதுதான். மழை விட்ட நாட்களின் புழுக்கத்தில் ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொண்டு, அது கரைகிற வரை பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கரைந்த தண்ணீருக்கும் சேர்த்துச் சொம்பிலிருந்து குறைத்துவிடுவாள். அதே அளவியால் நான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

எடை பார்க்கிற மெஷின் அப்போது எல்லா ஸ்டேஷனிலும் உண்டு. ஏறி நின்று காசு போட்டால் விளக்குகள் சுற்றும், சக்கரம் நிற்கும், ஒரு சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை, அதற்குக் கீழே ஒரு வரி ஜோசியம், மறுபக்கம் ஏதாவது ஒரு நடிகையின் படம். சனிக்கிழமைதோறும் அதில் ஏறி அட்டையைத் தங்கையிடம் கொடுப்பேன். முதலில் குர்லாவில்தான் ஏறினேன். இரண்டாவது மாதம் அட்டையில் எண் இறங்க மறுத்தது. அடுத்த வாரம் ஏறவும் செய்தது. அன்று அந்த அட்டையைக் கிழித்துத் தண்டவாளத்தில் போட்டுவிட்டேன். எல்லா மெஷினும் ஒன்றுபோலக் காட்டுவதில்லை என்பது ரயிலில் போகிற எவருக்கும் தெரியும். தேடினேன். வழியில் ஒரு ஸ்டேஷனில், எந்த ஸ்டேஷன் என்பது இப்போது வேண்டாம், மூன்று கிலோ குறைத்துக் காட்டுகிற ஒரு கிழட்டு மெஷின் அகப்பட்டது. பக்கத்துக் கம்பியை லேசாகப் பிடித்துக்கொண்டால் இன்னும் இரண்டு.

தங்கை அட்டைகளைக் காலண்டரில் தேதிவாரியாகக் குத்தி வைத்தாள். எண்பத்தெட்டு. எண்பத்தாறரை. எண்பத்தைந்து. ஹிந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, தமிழ்தான் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அட்டையிலிருக்கும் ஹிந்தி ஜோசியத்தைத் தமிழில் மாற்றி அம்மாவுக்குச் சொல்வாள்.

"உன் நல்ல மனசுக்கு நல்ல காலம் வரப்போவுதாம்மா, அண்ணனுக்கு."

"வரட்டும், வரட்டும்," என்பாள் அம்மா. நான் குளியலறைக்குள் போய்விடுவேன்.

மூன்று மாதம் முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை நானும் தங்கையும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா வீட்டிலேயே விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கு நான்கு நாள் முன்பாகப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அந்த நான்கு நாளும் நான் குடிக்கவில்லை. கடைசி நான்கு நாள் சுத்தமாக இருந்தால் போதும் என்றும் பெர்மிட் ரூம் வைத்தியர் ஒருவர் சொல்லியிருந்தார். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய நாட்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரித் தராசில் காசு போட வேண்டாம். நர்ஸ் குண்டைத் தள்ளித் தள்ளி ஓர் இடத்தில் நிறுத்தினாள். தொண்ணூற்று ஒன்றரை.

தங்கை சிரித்தாள். "சிஸ்டர், உங்க மெஷின் கராப்," என்றாள் ஹிந்தியில். கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். காலண்டரிலிருந்து அட்டைகளையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்திருந்தாள். டாக்டரின் மேசையில் அவற்றை வரிசையாக வைத்தாள். டாக்டர் ஓர் அட்டையைத் திருப்பி நடிகையைப் பார்த்தார், மறுபடி திருப்பி எண்ணைப் பார்த்தார். பிறகு என் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் இங்கிலீஷில் பேசினார். முன்பு இருந்ததைவிடக் கல்லீரல் மோசமாகியிருக்கிறது, அழுத்தமும் இறங்கவில்லை, நீங்கள் குடிப்பதை நிறுத்தவில்லை, இப்படி இருக்கிற ஒருவரை மேசையில் கிடத்தி அறுக்க முடியாது என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். தங்கைக்கு அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரியும். டைப்பிஸ்ட் அல்லவா? அவளைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மேசையிலிருந்த அட்டைகளை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கவருக்குள் போட்டுக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

இன்னும் மூன்று மாதம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "எனக்கு நேரம் இருக்கிறது. இவளுக்கு இல்லை," என்றார் டாக்டர். மெஷினுக்கு ஊசி போட நல்ல ரத்தநாளம் அகப்படுவதே கஷ்டமாகிவிட்டது, இதயமும் களைத்துக்கொண்டு வருகிறது, அம்மாவின் ரத்தமும் ஓரளவு பொருந்துகிறது, வயது ஐம்பத்தெட்டு என்பதால்தான் தயங்கினோம், இனி அவர்களையே பார்க்கலாம் என்றார். பத்து நாள் கழித்துப் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொன்னார்.

ரயிலில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் எதிரெதிராக உட்கார்ந்தோம். வண்டி மாட்டுங்காவைத் தாண்டியது. நானாக ஆரம்பித்தேன்.

"குடிக்கக் கூடாதுன்னு அவரு அப்பவே சொன்னாரு. நான்தான் வீட்ல சொல்லல."

"தெரியும்ணே."

"யாரு சொன்னா?"

"ஃபைல்ல சீட்டு இருந்திச்சில்ல. ஃபைல் எங்கிட்டத்தான இருக்கு. அன்னைக்கே படிச்சிட்டேன்."

"அப்ப ஏன் கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா…"

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"உன் ஒடம்புலேருந்து ஒண்ண அறுத்துக் குடுன்னு ஏற்கனவே கேட்டாச்சு. இன்னும் எம்புட்டுண்ணே கேக்க? நீயா நிறுத்திருவேன்னு இருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குர்லாவில் இறங்கி வண்டி மாறும்போது கூட்டத்தில் தள்ளாடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரை விடவில்லை.

அன்றோடு நிறுத்தினேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் டெல்லிப் பார்ட்டி வந்து "பைட்தே ஹை?" என்றபோது, முடியாது என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு பிரியாணி தின்றுவிட்டு, வழக்கம்போல இருநூறு பைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் தோலை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷம் நான் உட்கார்ந்ததற்கு மதிப்பு என்ன என்பது அந்த ஒரு மத்தியானத்தில் தெரிந்துபோயிற்று.

அம்மாவிடம் என்ன சொன்னேன் என்றும் கேட்பீர்கள். எடை போதுமான அளவு குறையவில்லை என்று சொன்னேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன். தங்கை பக்கத்தில் இருந்தாள், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மா எழுந்து வந்து என் தலையைத் தடவினாள். "நீ என்னய்யா செய்வ? வயித்தக் காயப்போட்டு எம்புட்டு நடந்த! ஒடம்பு வாகு அப்படி," என்றாள். பிறகு, "நான் குடுக்கேன். எனக்கென்ன?" என்றாள்.

அந்தப் பத்து நாளில் அம்மாவிடம் ஒரு மாற்றம் வந்தது. ஒரு வேளை சோறு உண்டுவிட்டு மறுவேளை காபியோடு கிடப்பவள், மூன்று வேளையும் தட்டில் மலைபோல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மெல்ல முடியாமல் மென்றாள். பயத்தில் சாப்பிடுகிறாளோ, ஆபரேஷனுக்குத் தெம்பு வேண்டும் என்று சாப்பிடுகிறாளோ என்று நினைத்தேன். வாழைப்பழம் வாங்கி வந்து மாடிப்படித் திருப்பத்தில் நின்று ஒன்றன்பின் ஒன்றாகத் தின்பதைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்து என் மனைவியிடம் சொன்னாள். தங்கைக்கு வாழைப்பழம் விஷம், அதனால்தான் அவள் கண்ணில் படாமல் தின்கிறாள் என்பது புரிந்தது. ஏன் தின்கிறாள் என்பது புரியவில்லை.

அம்மாவின் சிறுநீரகம் தங்கைக்குள் பதினொரு வருஷம் வேலை செய்தது. அவள் மறுபடி ஆபீசுக்குப் போனாள். கிளாஸ் கிளாஸாகத் தண்ணீர் குடித்தாள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் நாளை நான் அவ்வளவாக நினைப்பதில்லை. அதற்கு முந்தைய பரிசோதனை நாளைத்தான் நினைக்கிறேன்.

அன்று காலை அம்மா சேலைக் கொசுவத்தைத் தடிமனாகச் செருகி, மேலே ஒரு துண்டைச் சுற்றியிருந்தாள். நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தாள். இடுப்பு வலியா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் குழாயடியில் நின்று இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள். பரிசோதனை அறையில் அதே தராசு, அதே நர்ஸ். துண்டை எடுத்துவிட்டு ஏறச் சொன்னாள். அம்மா மாட்டேன் என்று துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே அவள் இடுப்பில் கை வைத்தவள் சட்டென்று நின்றாள்.

"ஹே காய், ஆயி?" என்றாள். இது என்னம்மா என்று மராட்டியில் கேட்கிறாள்.

துண்டுக்குள்ளிருந்து இரண்டு இரும்பு எடைக்கற்கள் வந்தன. ஒன்று ஒரு கிலோ, ஒன்று அரைக்கிலோ. தெருமுனைப் பாஜிக்காரியிடம் இரவல் வாங்கியது. கொசுவத்துக்குள்ளிருந்து எங்கள் வீட்டுப் பெரிய பூட்டும் வந்தது. நர்ஸ் மூன்றையும் டாக்டரின் மேசையில் வைத்தாள்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எய்யா, அவருகிட்டச் சொல்லு. பத்து நாளா தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன், ஏற மாட்டேங்கு. இன்னும் ஒரு வாரம் தவணை கேளு. ஏத்திருவேன். எடை சரியில்லன்னு ஒன்னையும் தள்ளிட்டாரு, என்னையும் தள்ளிட்டா எம் புள்ளைக்கு யாரு இருக்கா?"

என்ன சொல்கிறார்கள் என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

அன்றுதான் முதல் முறையாக ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். டாக்டர் எடைக்கற்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எடை மட்டும்தான் முக்கியம் என்று இவர்களுக்கு யார் சொன்னது?"

"நான்தான்," என்றேன்.

"என்ன கேக்காரு?" என்றாள் அம்மா.

இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த அறையிலேயே, நர்ஸுக்கும் டாக்டருக்கும் முன்னால், தமிழில் சொன்னேன். "அம்மா, எடைக்காக மட்டும் என்னைத் தள்ளல. குடிய நிறுத்தச் சொன்னாரு. மொத நாளே சொன்னாரு. நான் ஒங்கிட்ட மறைச்சிட்டேன். நிறுத்தவும் இல்ல. அதனாலதான் என் கிட்னி வேண்டாம்னுட்டாரு."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபத்தைத் தேடினேன். கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் நெற்றியைச் சுருக்கி நான் சொன்னதை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது.

"அப்படின்னா, எடை கம்மியா இருந்தாலும் எடுத்துக்கிடுவாகளா?"

"எடுத்துக்கிடுவாகம்மா."

"நெசமாவா? அவருகிட்டயே கேட்டுச் சொல்லு."

என்னை நம்பாமல் கேட்டாள். அவள் என்னை நம்பாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்டரிடம் கேட்டேன். ஒல்லியாக இருப்பது ஒரு தடையே இல்லை, இவர்கள் உடம்பு சுத்தமாக இருக்கிறது என்றார். அதை அப்படியே சொன்னேன்.

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தாள். துண்டு இல்லாமல், பூட்டு இல்லாமல், சேலைத் தலைப்பை வாரிப் பிடித்துக்கொண்டு தராசில் ஏறி நிமிர்ந்து நின்றாள். நர்ஸ் குண்டைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். முப்பத்தொன்பதில் நின்றது.

டாக்டர் எழுதிக்கொண்டே போதும் என்றார். நான் அதை அம்மாவுக்குச் சொன்னேன்.